சேரியின் சுவர்களை யார் மதிப்பிடுவது? கில்லாரி முதல் நடூர் வரை கல் கட்டடங்களும் நிலநடுக்க ஆய்வும்

1993 செப்டம்பர் 30 அதிகாலை, நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில், மராத்வாடாவின் கில்லாரிப் பகுதியில் நிலம் குலுங்கியது. அளவு 6.2. லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் 8,000 முதல் 10,000 வரையிலான மக்கள் மடிந்தனர். அடுத்த நான்கு மாதங்களுக்குள், 1994 ஜனவரி 17 அன்று, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒட்டிய நார்த்ரிட்ஜில் 6.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. கில்லாரியில் வெளிப்பட்டதைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமான ஆற்றல். அதுவும் பல லட்சம் மக்கள் நெருங்கி வாழும் நகர்ப்பகுதியில். அங்கு இறந்தோர் ஏறத்தாழ 60 பேர். இவ்விரு எண்களுக்கும் இடையிலான வேறுபாட்டின் பெரும்பகுதியைச் சுவர்களில்தான் தேட வேண்டும்.

கல்லையும் செங்கல்லையும் சாந்து வைத்து அடுக்கிக் கட்டப்பட்ட வீடு, நிலம் அசைந்தால் நிற்குமா, விழுமா என்பதை முன்கூட்டியே கணிக்கும் முறைகள் உள்ளன. அவை கமுக்கமான பொறியியல் அறிவும் அல்ல. ஒரு தெருவை நடந்து பார்த்தே அதில் பாதியைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மதிப்பீடு எந்தத் தெருவில் நடக்கிறது, எந்தப் படிவத்தில் எழுதப்படுகிறது, எந்தப் பதிவேட்டுடன் இணைக்கப்படுகிறது என்ற கேள்விகளைப் பொறியியல் கேட்பதில்லை. அவற்றை நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கல் வீடு எப்படி விழுகிறது

மராத்வாடாவின் மரபான வீடு கனமானது. சுவர்கள் இரண்டடிக்குக் குறையாத தடிமன் கொண்டவை. சில வீடுகளில் அது நான்கடியையும் எட்டியது. வெளிப்பக்கம் ஒரு வரிசை கல், உட்பக்கம் ஒரு வரிசை கல், நடுவில் பொடிக்கல்லும் மண்ணும். இரு வரிசைகளையும் குறுக்கே பிணைக்கும் நீளக் கற்கள் பெரும்பாலும் வைக்கப்படவில்லை. சாந்தும் மண்தான். மேலே மரச்சட்டங்கள் பரப்பி, அவற்றின்மீது மண் கொட்டிய கூரை. இதை அப்பகுதி மக்கள் மாளவத் என்பர். வெயிலைத் தடுக்க இது சிறந்த கூரை. ஆனால் மழையில் ஒழுகத் தொடங்கும்போதெல்லாம் மேலும் ஓர் அடுக்கு மண் கொட்டப்படும். தலைமுறைகள் கடக்கையில் அந்த மண் அரை மீட்டரையும் தாண்டி வளர்ந்தது. பத்தடிக்குப் பத்தடி உள்ள ஓர் அறைக்கு மேல் அரை மீட்டர் மண் இருந்தால் அதன் எடை 7 டன்னுக்கு மேல் வரும். அதன் கீழேதான் மக்கள் உறங்கினர்.

நிலநடுக்கம் கட்டடத்தை முதன்மையாகப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தள்ளும் விசை கட்டடத்தின் எடையைப் பொறுத்தது: எடை எவ்வளவு கூடுகிறதோ, விசையும் அவ்வளவு கூடும். ஆகவே சுவர் தடிமனாக இருந்தால் வீடு பலமாக இருக்கும் என்ற நம்பிக்கை, மேலிருந்து கீழிறங்கும் பாரத்திற்குப் பொருந்தும். பக்கவாட்டு உலுக்கலுக்குப் பொருந்தாது. ஒரு சுவரை அதன் நீளவாக்கில் தள்ளினால் ஓரளவு தாங்கும். முகத்தில் கை வைத்துத் தள்ளுவதுபோலக் குறுக்கே தள்ளினால் எளிதில் சாயும். நான்கு சுவர்களும் மூலைகளில் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருந்தால், ஒன்று சாய முயலும்போது மற்றொன்று அதைத் தன் நீளவாக்கு வலிமையால் இழுத்து நிறுத்தும். வீடு ஒரு பெட்டிபோல ஒன்றாக அசையும். கவ்வல் இல்லாத இடத்தில் ஒவ்வொரு சுவரும் தனித்தனியாக ஆடி, தனித்தனியாக விழும்.

கில்லாரியில் இதற்கும் முன்னதாக வேறொன்று நிகழ்ந்தது. உள்வரிசையும் வெளிவரிசையும் பிணைப்பின்றி இருந்ததால் சுவரே இரண்டாகப் பிளந்தது. வெளிவரிசை தெருவில் விழ, உள்வரிசை வீட்டுக்குள் விழ, தாங்குவார் இல்லாத மண்கூரை இறங்கியது. கூரையைச் சுவரில் ஏற்றாமல் மரத்தூண்களில் நிறுத்தியிருந்த வீடுகள் பலவற்றில் சுவர்கள் உதிர்ந்த பிறகும் கூரை நின்றது. அந்த வீடுகளில் பலர் பிழைத்தனர்.

இங்கே ஒரு முரணைக் காண்கிறோம். நம் அரசுப் பதிவேடுகள் வீடுகளைக் கச்சா, பக்கா என்று பிரிக்கும். ஓலையும் தகரமும் கச்சா. கல்லும் செங்கல்லும் பக்கா. கில்லாரியில் தடித்த கல்சுவர் வீடுகளே மிகுதியான உயிர்களைக் கொன்றன. ஓலையோ தகரமோ வேய்ந்த குடிசைகளில் உயிரிழப்பு குறைவாக இருந்தது. வசதியின் அடையாளமாக எழுந்த சுவர் அந்த ஓர் இரவில் எமனாயிற்று. இதைக் காட்டி, ஏழைகள் குடிசையிலேயே பாதுகாப்பாக இருக்கலாம் என்று எவரேனும் வாதிட்டால் நாம் ஏற்க இயலாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது ஒரு குடிசைக்குள்தான். கெட்டியான கூரைக்காகவும் எரியாத சுவருக்காகவும் தலித் மக்கள் எழுப்பிவரும் கோரிக்கைக்குப் பின்னால் அந்த நெருப்பும் இருக்கிறது. கச்சா, பக்கா என்ற சொற்கள் வீட்டின் மதிப்பைச் சொல்கின்றனவே தவிர அதன் வலுவைச் சொல்வதில்லை என்பதையே கில்லாரி காட்டிற்று.

வலுவை எப்படி அளக்கிறார்கள்

மதிப்பீட்டில் இரண்டு வேறுபட்ட கேள்விகள் உண்டு. இந்த நிலப்பகுதியில் எவ்வளவு வலிய உலுக்கல் வரக்கூடும் என்பது ஒன்று. அப்படி வந்தால் இந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நில அதிர்வு மண்டல வரைபடம் விடை தருகிறது. 1993இல் கில்லாரி அந்த வரைபடத்தின் மிகக் குறைந்த ஆபத்துப் பகுதியான முதல் மண்டலத்தில் இருந்தது. 2002இல் வரைபடம் திருத்தப்பட்டபோது முதல் மண்டலம் என்ற பிரிவே நீக்கப்பட்டது. அதே திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. வரைபடம் அறிஞர்களின் அன்றைய அறிவைக் காட்டும் ஆவணம். நிலம் அதைப் படித்துவிட்டு அசைவதில்லை.

இரண்டாம் கேள்விக்குத் தெளிவான ஒரு கருவி, 1998இல் வெளியான ஐரோப்பியச் செறிவு அளவுகோல். அது கட்டடங்களை ஏ முதல் எஃப் வரை ஆறு வகுப்புகளாக்குகிறது. ஒழுங்கற்ற கற்களால் கட்டிய வீடு ஏ. கம்பியில்லாத சாதாரணச் செங்கல் வீடு பி. அதே செங்கல் வீட்டுக்குக் கான்கிரீட் தளம் இருந்தால் சி. கம்பியோ கான்கிரீட் சட்டமோ கொண்டு கட்டிறுக்கிய செங்கல் வீடு டி. சேதமும் ஐந்து தரங்களாகப் பிரிக்கப்படுகிறது: மயிரிழை விரிசல் முதல் தரம், முழுச் சரிவு ஐந்தாம் தரம். உலுக்கலின் செறிவு 9 என்று வைத்துக்கொண்டால், ஏ வகுப்பு வீடுகள் பல முழுமையாகச் சரியும். அதே தெருவில் உள்ள டி வகுப்பு வீடுகள் பலவற்றில் இரண்டாம் தரச் சேதமே, அதாவது மிதமான விரிசல்களே, ஏற்படும். ஒரே தெரு, ஒரே உலுக்கல். வேறுபாடு முழுவதும் கட்டிய விதத்தில்.

இந்தியாவில் இதற்கு இணையான நாடளாவிய ஆவணம் ஒன்று உண்டு. கட்டுமானப் பொருட்கள் மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டுக் குழுமம் 1997, 2006, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட பாதிப்பு அட்லஸ் அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியலில் உள்ள சுவர், கூரை விவரங்களைக் கொண்டு மாவட்டந்தோறும் எத்தனை வீடுகள் எந்த வகை என்று அது கூறுகிறது. மண், சுடாத செங்கல், கல் சுவர்கள் ஒரு பிரிவு. சுட்ட செங்கல் மற்றொன்று. கான்கிரீட்டும் மரமும் மூன்றாவது. ஓலை, மூங்கில், தகரம் போன்றவை தனிப் பிரிவு. பயனுள்ள முயற்சிதான். ஆயினும் கணக்கெடுப்பாளர் சுவரின் பொருளை எழுதுவார். அதன் கட்டுமானத் தரத்தை எழுதமாட்டார். சிமெண்ட் கலவையில் எத்தனை பங்கு மணல், மூலையில் கற்கள் கவ்வியிருக்கின்றனவா, லிண்டல் மட்டத்தில் கான்கிரீட் பெல்ட் ஓடுகிறதா என்பவை எந்தக் கட்டத்திலும் இல்லை. ஒப்பந்ததாரர் சிமெண்டில் திருடிய வீடும் ஒழுங்காகக் கட்டிய வீடும் அங்கே ஒரே வகை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அட்லசின் அட்டவணைகள் வீடுகளை ஊரகம், நகர்ப்புறம் எனப் பிரிக்கின்றன, ஊர், சேரி எனப் பிரிப்பதில்லை. பட்டியல் சாதிக் குடும்பங்களின் வீட்டு விவரங்களைக் கணக்கெடுப்புத் துறை தனி அட்டவணைகளாக வெளியிட்டு வந்திருந்தும், அவை இங்கு வந்து சேரவில்லை.

படிவத்திலிருந்து பணத்துக்கு

மதிப்பீடு வெறும் அறிவியல் குறிப்பாக நின்றுவிடுவதில்லை. நிலநடுக்கத்துக்குப் பின் அதே வகைப்பாடுதான் இழப்பீடாகவும் புதிய வீடாகவும் மாறுகிறது. சாதி படிவத்துக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கில்லாரிக்குப் பிறகு உலக வங்கிக் கடனுதவியுடன் 52 கிராமங்கள் முற்றிலும் இடம் மாற்றிக் கட்டப்பட்டன. புதிய வீட்டின் பரப்பளவைக் குடும்பத்தின் நிலவுடைமை தீர்மானித்தது. நிலமற்றோருக்கும் ஒரு ஹெக்டேர் வரை உள்ளோருக்கும் 250 சதுர அடி. 1 முதல் 7 ஹெக்டேர் வரை உள்ளோருக்கு 400. அதற்கு மேல் உள்ளோருக்கு 750. இடிந்தது எல்லோருடைய வீடும்தான். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதும் கேட்கப்படவில்லை. மேய்ச்சல் புறம்போக்கான காய்ரான் நிலத்துக்காக தாதாசாகேப் கெய்க்வாட் தலைமையில் தலித் மக்கள் சிறை சென்ற மண் மராத்வாடா. நிலம் மறுக்கப்பட்டதே சாதியால் என்ற மண்ணில், நிலத்தை அளவுகோலாக்கினால் நிலப்பதிவேடே சாதிப்பதிவேடாக வேலை செய்யும். படிவத்தில் சாதி என்ற சொல் இருக்க வேண்டிய தேவையே இல்லை. நிலநடுக்கத்தைத் தாங்கும் வீடுகள் கட்டப்பட்டன என்பதை நாம் மறுக்கவில்லை. பழைய ஏற்றத்தாழ்வையும் சேர்த்து வலுவூட்டிக் கட்டினார்கள் என்கிறோம்.

2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியைத் தாக்கிய 7.7 அளவுள்ள நிலநடுக்கத்தில் அரசுக் கணக்கின்படியே 13,805 பேர் இறந்தனர். அங்கே சேதத்தை ஐந்து தரங்களாகப் பிரித்து அதன்படி உதவித்தொகை வழங்கினர். பணமும் உணவும் சமமாக ஒதுக்கப்பட்டபோதும், தலித், முஸ்லிம் மக்களுக்குத் தங்குமிடமும் மின்சாரமும் குடிநீரும் மற்றவர்களுக்குக் கிடைத்த அளவு கிடைக்கவில்லை என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்தது. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் மடிந்தனர். சரிந்தவற்றில் பெரும்பாலானவை மண்சாந்தில் கட்டிய கல் வீடுகள். பொறியாளர்கள் கையில் கணினியுடன் வீடு வீடாகச் சென்று சேதத்தைப் பதிந்தனர். ஆனால் மறுகட்டுமான உதவித்தொகைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட லால்புர்ஜா என்னும் நிலச்சான்று கேட்கப்பட்டது. பிறர் நிலத்தில் தலைமுறைகளாகக் குடியிருந்த தலித் குடும்பங்களிடம் இடிந்த வீடு இருந்தது, காகிதம் இல்லை. விதிகள் பின்னர் தளர்த்தப்பட்டன என்றாலும், அதற்குள் எத்தனையோ குளிர்காலங்களைத் தார்ப்பாய்க்குள் கழிக்க நேர்ந்தது.

நடூரின் சுவர்

தமிழகத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இங்கு பெரும்பகுதி இரண்டாம், மூன்றாம் மண்டலங்களில்தான் இருக்கிறது. 1900இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் வந்ததும், 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவுள்ள அதிர்வு ஏற்பட்டுச் சென்னை வரை உணரப்பட்டதும் உண்மை. அதற்காக நாளையே பேரழிவு வரும் என்று அச்சமூட்ட நாம் விரும்பவில்லை. நம் கவலை வேறு. நிலநடுக்கத்தில் சுவரை வீழ்த்தும் அதே குறைகள், மழைக்காலத்தில் நிலநடுக்கம் இல்லாமலேயே சுவரை வீழ்த்துகின்றன.

2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் ஏறத்தாழ 20 அடி உயரக் கருங்கல் சுவர் சரிந்து அருந்ததியர் வீடுகளின்மேல் விழுந்தது. உறக்கத்திலேயே 17 பேர் இறந்தனர். அது அவர்களின் வீட்டுச் சுவரன்று. அடுத்திருந்த வசதி படைத்த வீட்டின் சுற்றுச்சுவர். மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தனர். அந்தச் சுவர் ஆபத்தானது என்று அவர்கள் முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர் என்பது அப்போது பரவலாக வெளிவந்த செய்தி. மேலே கில்லாரியைப் பற்றிச் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். மூலையில் கவ்விப் பிடிக்க வேறு சுவர்கள் இல்லாமல், மேலே கட்டி நிறுத்தத் தளமும் இல்லாமல் தனித்து நிற்கும் உயரமான கல்சுவர், குறுக்கே வரும் விசைக்கு முன் நிராதரவானது. அந்த விசையை நிலநடுக்கம் தரலாம். நீர் ஊறிக் கனத்த மண்ணும் தரலாம்.

வழக்கமான மதிப்பீட்டுப் படிவம் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொண்டு அது விழுமா என்று கேட்கும். நடூரில் அப்படிக் கேட்டிருந்தால் அந்தச் சிறிய ஓட்டு வீடுகளுக்குப் பெரிய ஆபத்தில்லை என்றுகூட மதிப்பெண் வந்திருக்கலாம். அந்த வீடுகளின்மேல் எது விழும் என்ற கேள்வியும் சேரும்போதுதான் சேரியின் உண்மை நிலை வெளிப்படும்.

தெருவில் இறங்கிப் பார்த்தல்

விரைவுக் காட்சி ஆய்வு என்று பொறியாளர்கள் கூறும் முறைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. கட்டட வகைக்கு ஓர் அடிப்படை மதிப்பெண் வைத்து, காணும் குறைகளுக்கேற்பக் கழித்துக்கொண்டே வருவார்கள். குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் அந்த வீட்டை விரிவாக ஆராய வேண்டும் என்று பொருள். கட்டடவியல் மாணவர் ஒருவரும் அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரும் சேர்ந்தால் ஒரு காலனியைச் சில நாட்களில் முடித்துவிடலாம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நம் குடியிருப்புகளில் பஞ்சமில்லை. ஊரின் மாடிகளைக் கட்டியவர்கள் இவர்கள்தானே.

முதலில் சாந்து. பூச்சு உதிர்ந்த இடத்தில் இணைப்பை ஓர் ஆணியால் கீறினால் மணலாகக் கொட்டுகிறதா, கீறலை எதிர்க்கிறதா என்பது தெரிந்துவிடும். அடுத்து மூலைகள். இரு சுவர்கள் சந்திக்கும் இடத்தில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடினால் பெட்டி ஏற்கெனவே பிரியத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். பூச்சில் மட்டும் தெரியும் மெல்லிய சிலந்தி வலை விரிசல்களைக் கண்டு பதற வேண்டியதில்லை. கல்சுவரானால் பக்கவாட்டில் நின்று பார்த்து வயிறு தள்ளியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். தள்ளியிருந்தால் உள்ளே இரு வரிசைகளும் பிரிந்துகொண்டிருக்கின்றன. பலவீனமான கட்டுமானங்களுக்கான ஐ.எஸ். 13828 நெறிமுறை, குறுக்குப் பிணைப்புக் கற்களை 60 செ.மீ. உயரத்துக்கு ஒரு வரிசையாக, ஒன்றுக்கொன்று 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் வைக்கச் சொல்கிறது. கதவும் சன்னலும் மூலையை ஒட்டியே திறந்தால் அந்த மூலை பலம் இழக்கும். லிண்டல் மட்டத்தில் சுவரைச் சுற்றிலும் அறுபடாமல் ஓடும் கான்கிரீட் பெல்ட் இருக்கிறதா, சன்னலுக்கு மேல் மட்டும் துண்டாக நிற்கிறதா என்பது மிக முக்கியம். மண்பானையைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல அந்தப் பெல்ட் நான்கு சுவர்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. புதிய வீடு கட்டும்போது இதற்கு ஆகும் கூடுதல் செலவு சிறிது. கட்டிய பின் சேர்ப்பது கடினம்.

அரசு கட்டித்தந்த தொகுப்பு வீடுகளைத் தனியாகவே பார்க்க வேண்டும். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ளதால் காகிதத்தில் இவை சி வகுப்பு. தளத்தின் அடியில் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் வீடுகளை எத்தனை காலனிகளில் பார்த்திருக்கிறோம்! கம்பி துருத்த தளம் பெட்டியின் மூடியாகச் செயல்படாது. உறங்குபவரின் தலைக்கு மேல் தொங்கும் பாரமாகிவிடும். இடப்பற்றாக்குறையால் அதன்மேல் எழுப்பிய கூடுதல் அறையும், பக்கத்தில் பிணைப்பில்லாமல் ஒட்டிக் கட்டிய சுவரும் மதிப்பெண்ணை மேலும் இறக்கும். நிலத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, குப்பை மேடு என்று ஊர் வேண்டாமென்று ஒதுக்கிய இடங்களே பெரும்பாலும் காலனிகளாயின. தளர்ந்த, நீர் தேங்கும் மண் உலுக்கலைப் பெருக்கிக் காட்டும்.

இவற்றுடன் வழக்கமான படிவத்தில் இல்லாத சிலவற்றை நாமே சேர்க்க வேண்டும்: வீட்டை நோக்கிச் சாய்ந்து நிற்கும் அயலார் சுவரின் உயரமும் உரிமையாளரும், பட்டா யார் பெயரில் உள்ளது அல்லது இல்லை என்பது, இரவில் உள்ளே உறங்குவோர் எண்ணிக்கை, அவசர ஊர்தி நுழையும் அகலம் தெருவுக்கு உண்டா என்பது, அளித்த மனுக்களின் தேதிகள்.

இந்த ஆவணத்தை எங்கே கொடுப்பது என்ற கேள்வி எழும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, இழப்பீட்டிலும் நிவாரணத்திலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. நல்ல பிரிவுதான், ஆனால் அது பேசத் தொடங்குவது சுவர் விழுந்த பிறகு. விழுவதற்கு முந்தைய காலத்துக்கு நமக்குக் கைகொடுப்பது 31ஆம் பிரிவு. மாவட்டத்தில் எந்தெந்தப் பகுதிகள் எந்தப் பேரிடருக்கு எளிதில் இலக்காகும் என்பதை மாவட்டத் திட்டம் குறிப்பிட வேண்டும் என்றும், அத்திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும் அது கட்டாயப்படுத்துகிறது. மாவட்ட ஆட்சியர்தான் அந்த ஆணையத்தின் தலைவர். கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, வீடு வாரியான பட்டியலையும் ஒளிப்படங்களையும் இணைத்து ஆட்சியரிடம் அளித்து, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டுத் திட்டம் வெளிவரும்போது அதில் காலனியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் எந்த அடிப்படையில் விடுபட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்துமூலம் கேட்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் இந்த ஆய்வுக்கு உகந்தவை. சுவர்கள் காய்ந்திருக்கும், விரிசல்கள் தெளிவாகத் தெரியும்.